மட்டிச் சிப்பியில் 400 ஆண்டு கழித்தால் போதுமா? பழவேற்காட்டுக் கரைச் சிப்பிகளும் கார்பன் தேதியும்

சூளூர்ப்பேட்டை வாசகர் | 3 பிப்ரவரி 2024, இரவு 9.10

அண்ணா, ஏரிக்கரை மேட்டில் பானை ஓட்டோடு கிடக்கும் மட்டிச் சிப்பிக்கு ரேடியோகார்பன் தேதி எடுத்தால், வருகிற எண்ணில் 400 ஆண்டு கழித்தால் போதும் என்று படித்தேன். கணக்குக்கு 2450±30 பி.பி. (1950-க்கு முன் இத்தனை ஆண்டு) என்று வைத்துக்கொள்வோம். 400 போனால் 2050. 1950-இலிருந்து 2050 ஆண்டு பின்னால் போனால் கி.மு. 100. அவ்வளவுதானே? இதற்கு எதற்கு மென்பொருளும் வளைவும்?

ஏரிக்கரை | 3 பிப்ரவரி, இரவு 10.25

போதாது தம்பி. அந்த ஒரு கழித்தலில் மூன்று தவறு இருக்கிறது.

முதலாவது, 400 என்பது உலகக் கடல்களுக்கெல்லாம் சேர்த்துப் போட்ட பழைய சராசரி. வங்காள விரிகுடாவுக்கு வேறு, அரபிக்கடலுக்கு வேறு, காலத்துக்குக் காலமும் வேறு. இரண்டாவது, ரேடியோகார்பன் ஆண்டும் பஞ்சாங்க ஆண்டும் ஒன்றல்ல. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை, அதனால்தான் வளைவு, அதாவது ரேடியோகார்பன் ஆண்டைப் பஞ்சாங்க ஆண்டாக மாற்றும் வரைபடம். மூன்றாவதுதான் பெரிய தவறு: அந்தச் சிப்பி கடல் தண்ணீரில் வளர்ந்ததா என்று யாரும் கேட்கவே இல்லை.

அடிப்படை இது. நிலத்தில் வளரும் செடி காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது. சிப்பி தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனை எடுத்து ஓடு கட்டுகிறது. ஆழ்கடல் தண்ணீர் பல நூறு ஆண்டு காற்றோடு தொடர்பில்லாமல் கிடந்து, அதிலிருக்கும் கார்பன்-14 சிதைந்து குறைந்த பிறகு மேலே வந்து கலக்கிறது. ஆகவே உயிரோடு இருக்கும் சிப்பிக்கே சில நூறு ஆண்டு 'வயது' இருக்கும். உலகச் சராசரி எவ்வளவோ அதைக் கடல் பொருளுக்கென்று போட்ட கடல் வளைவே பார்த்துக்கொள்ளும். நம் கரை அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதுதான் 'டெல்டா ஆர்'. நாம் தேட வேண்டியது அந்த ஒரு எண்.

ஏரிக்கரை | 4 பிப்ரவரி, காலை 6.40

400-ஐக் கையால் கழித்துவிட்டு, மிச்சத்தை மென்பொருளில் போட்டுக் கடல் வளைவையும் தேர்வு செய்பவர்கள் உண்டு. இன்றைய கடல் வளைவான மரைன்20 தன் பங்குக்குச் சராசரியாக 550 ஆண்டு வாக்கில் எடுத்துவிடும். ஒரே திருத்தம் இரண்டு முறை விழுந்து, தேதி 400 ஆண்டு இளமையாகிவிடும். சங்ககாலம் என்று எழுத வேண்டியதை பல்லவர் காலம் என்று எழுதும் அளவுக்கு இது பெரிய பிழை.

ஆய்வகம் தரும் எண்ணை அப்படியே போடுங்கள். கழிப்பது வளைவின் வேலை.

ஏரிக்கரை | 4 பிப்ரவரி, மாலை 7.15

'ஆய்வகம் தரும் எண்ணை அப்படியே' என்று காலையில் எழுதினேன். பழைய அறிக்கைகளுக்கு அது பொருந்தாது. விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடற்கரைத் தேதிகளில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

சிப்பி ஓட்டில் கனமான ஐசோடோப்புகள் மரத்தைவிடச் சற்று அதிகம். கார்பன்-13 அளவை ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வார்கள்: மரத்துக்கு -25 வாக்கில், கடல் சிப்பிக்கு 0 வாக்கில். கார்பன்-14-இல் இந்த வித்தியாசம் இரட்டிப்பாகும், அதாவது ஆயிரத்துக்கு 50, நூற்றுக்கு 5. எல்லாப் பொருளையும் -25-க்குச் சமப்படுத்தித்தான் வயது சொல்ல வேண்டும் என்பது இன்றைய விதி. வயது என்பது -8033-ஐ விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கி வருவது. 0.95-இன் மடக்கை -0.0513, எனவே 412 ஆண்டு. சமப்படுத்தினால் சிப்பியின் வயது இத்தனை கூடும். சுருக்கமாக, ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 16 ஆண்டு.

கடல் தண்ணீரின் பழமையால் சிப்பி 400 வாக்கில் கிழமாகத் தெரியும். சமப்படுத்தாவிட்டால் 400 வாக்கில் இளமையாகத் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 1970-களில் வந்த சிப்பித் தேதிகள் சில, பக்கத்துக் கரித்துண்டுத் தேதியோடு அழகாகப் பொருந்தி நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அந்தத் தேதியை எடுத்து இன்று 400 கழித்தாலும் தவறு, கடல் வளைவில் அப்படியே போட்டாலும் தவறு. முதலில் 410 கூட்ட வேண்டும், பிறகுதான் கடல் வளைவு.

சமப்படுத்தினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அறிக்கையில் கார்பன்-13 எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 0±2 என்று கொண்டு 410±32 கூட்டுங்கள். அந்த 32-ஐப் பழைய பிழை எல்லையோடு வர்க்கம் கூட்டி, வர்க்கமூலம் எடுத்துச் சேருங்கள். கழிமுகச் சிப்பி என்றால் கார்பன்-13 அளவு -4 வரை இறங்கலாம். அப்போது கூட்ட வேண்டியது 345 வாக்கில்தான்.

ஏரிக்கரை | 4 பிப்ரவரி, இரவு 9.50

பழைய இந்தியத் தேதிகளைப் பற்றி இன்னொன்று. டி.எஃப். என்று தொடங்கும் எண்கள் பம்பாய் டாட்டா நிறுவன ஆய்வகத்தில் எடுத்தவை, பி.ஆர்.எல். என்றால் அகமதாபாத், பி.எஸ். என்றால் லக்னோ பீர்பல் சாஹ்னி. பழைய பட்டியல்களில் ஒரே மாதிரிக்கு இரண்டு வயது அச்சாகியிருக்கும். ஒன்று 5568 அரைவாழ்வுக்கு, மற்றது 5730-க்கு. 5730-தான் இயற்பியலில் சரியான அரைவாழ்வு, ஆனால் வளைவு முழுவதும் 5568 கணக்கில் கட்டப்பட்டது. 5730 எண்ணை வளைவில் போட்டால் நூற்றுக்கு 3 பங்கு கூடுதலாகிவிடும். கையில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் 1.029-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 2450 என்பது 2381 ஆகும்.

ஏரிக்கரை | 5 பிப்ரவரி, இரவு 8.30

டெல்டா ஆர் எண்ணுக்கு வருவோம்.

அதை அளக்க, உயிரோடு பிடித்த ஆண்டு தெரிந்த பழைய சிப்பி வேண்டும். 2001-இல் தத்தா, பூஷண், சோமயாஜுலு மூவரும் வட இந்தியப் பெருங்கடலுக்கு வெளியிட்ட அளவீடு 1930-க்கும் 1954-க்கும் நடுவில் சேகரித்த ஏழு சிப்பிகளை வைத்துச் செய்தது. வங்காள விரிகுடாச் சிப்பிகளின் வயது 408-இலிருந்து 511 வரை, அரபிக்கடலில் 434-இலிருந்து 693 வரை வந்தது. அதிலிருந்து அவர்கள் எடுத்த டெல்டா ஆர்: வட அரபிக்கடலுக்கு 163±30, தெற்கு வங்காள விரிகுடாவுக்கு 32±20, அந்தமான் பக்கத்துக்கு 11±35.

கவனியுங்கள், அது 2001. அன்றிருந்த கடல் வளைவு வேறு. 2020-இல் மரைன்20 வந்தபோது உலகச் சராசரியே ஏறத்தாழ 150 ஆண்டு உயர்ந்துவிட்டது. ஆகவே டெல்டா ஆர் எண்கள் அதே அளவுக்கு இறங்கும். நம் கரைக்கு இப்போது எதிர்மறை எண் வரும். எதிர்மறையைப் பார்த்துப் பதற வேண்டாம், அது பிழையல்ல. வளைவு கழிப்பதில் கொஞ்சம் நாம் திருப்பிக் கொடுக்கிறோம் என்று பொருள். பழைய +32-ஐ மரைன்20-இல் போட்டால்தான் பிழை: 150 ஆண்டு இளமையாகிவிடும்.

கையால் 150 கழித்தும் போடாதீர்கள். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் பராமரிக்கும் கடல் திருத்தத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு சிப்பிக்கும் மரைன்20-க்கு மறுகணக்கிட்ட எண் இருக்கிறது. வரைபடத்தில் நம் கரைக்கு அருகில் இருப்பவற்றைத் தேர்ந்தெடுத்தால் சராசரியும் பிழை எல்லையும் தரும். எந்தெந்தச் சிப்பியை எடுத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள்.

சூளூர்ப்பேட்டை வாசகர் | 5 பிப்ரவரி, இரவு 9.05

அண்ணா, அப்படியென்றால் பழவேற்காடு மீன் சந்தையில் இன்றைக்கு உயிரோடு ஒரு படி மட்டி வாங்கி அளந்துவிட்டால் நம் ஏரிக்கே நேரான எண் கிடைக்காதா?

ஏரிக்கரை | 5 பிப்ரவரி, இரவு 9.20

கிடைக்காது. 1950-களின் நடுவிலிருந்து 1960-கள் வரை வானில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14-ஐ ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிட்டன. அது கடலுக்குள்ளும் இறங்கிவிட்டது. இன்றைய மட்டிக்கு வயது சொல்லவே முடியாது. 1955-க்கு முன் உயிரோடு பிடித்த சிப்பிதான் வேண்டும்.

அருங்காட்சியகச் சிப்பியிலும் ஒரு கண்ணி உண்டு. சீட்டில் இருக்கும் ஆண்டு அது செத்த ஆண்டா, வாங்கிய ஆண்டா? மட்டியில் இரண்டு ஓட்டையும் இணைக்கும் தோல்நார் காய்ந்து ஒட்டியிருந்தால், சங்கில் வாய்மூடி கூடவே இருந்தால், உயிரோடு எடுத்தது என்று நம்பலாம். பளபளவென்று தேய்ந்த வெறும் ஓடு என்றால் விட்டுவிடுங்கள். கடற்கரையில் பொறுக்கியதாக இருக்கும், ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் செத்ததாகவும் இருக்கலாம்.

தேங்காய்ப்பட்டணம் வாசகி | 6 பிப்ரவரி, காலை 11.00

எங்கள் பக்கம் கேரள எல்லை. மேலைக் கடலுக்கு 163 என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஏரிக்கரை | 6 பிப்ரவரி, பகல் 1.30

வேண்டாம் அக்கா. 163 வட அரபிக்கடலின் எண், உங்கள் கரை அதன் தென்கோடி. பழைய வளைவின் எண் என்பது வேறு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கரையோரம் அடித்தண்ணீர் மேலே ஏறும். அது பழைய தண்ணீர். அந்த மாதங்களில் வளர்ந்த ஓட்டுக் கோடும் தை மாசியில் வளர்ந்த கோடும் ஒரே சிப்பிக்குள்ளேயே வேறு வேறு வயது காட்டலாம். அதனால் ஓட்டின் விளிம்பில் ஒரு துளி சுரண்டாதீர்கள். கீல் பக்கத்திலிருந்து விளிம்பு வரை பல வளர்ச்சிக் கோடுகளைக் குறுக்கே வெட்டும்படி ஒரு கீற்று எடுங்கள்.

வேம்பநாட்டுக் காயலின் கருப்புக் கக்கா (ஒரு மட்டி வகை) ஓடு கையில் இருந்தால் கடல் வளைவு பக்கமே போகாதீர்கள். அது உப்புக் குறைந்த தண்ணீரில் வளர்வது. கேரளத்தின் பட்டணம் என்ற ஊர் அகழாய்வில் வந்த மரப்படகு போன்றவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை, மரத்துக்கு நிலத்து வளைவு போதும்.

ஏரிக்கரை | 7 பிப்ரவரி, இரவு 10.40

எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், சிப்பியைப் பார்க்கவில்லை. இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

மேட்டில் ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீரில் அலசி, உட்பக்கம் மேலே இருக்கும்படி வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஓட்டின் உட்பக்கத்தில் புழுக்குழல் ஒட்டியிருக்கிறதா? கொட்டலசு ஒட்டின வட்டத் தழும்பு இருக்கிறதா? ஊசி குத்தினாற்போல் கடற்பஞ்சு துளைத்த துளைகள் இருக்கின்றனவா? இருந்தால் அந்தச் சிப்பி தண்ணீருக்குள்ளேயே செத்து, வாய் பிளந்து, வெகுநாள் கிடந்திருக்கிறது. உயிருள்ள மட்டியின் உள்ளே புழு வீடு கட்டாது. அதை யாரும் தின்னவில்லை. அலை ஒதுக்கியது, அல்லது தரை உயர்த்த அள்ளிப்போட்டது. அதன் தேதி மனிதர் இருந்த தேதியல்ல. வெளிப்பக்கத்தில் இவை இருந்தால் பாதகமில்லை.

அடுத்து அளவு. தின்று போட்ட குவியலில் பெரும்பாலும் தின்னத்தக்க அளவுதான் இருக்கும், கடுகளவுக் குஞ்சு இருக்காது. அலை ஒதுக்கிய மேட்டில் குஞ்சும் பெரிதும் உடைசலும் தின்ன முடியாத நத்தையும் கலந்து, முனை மழுங்கிக் கிடக்கும். குவியலில் மீன் முள், கரி, பானை ஓடு, சாம்பல் நடுநடுவே அடுக்காக வரும். மேலே மட்டும் நாலு ஓடு கிடந்தால் கணக்கில்லை.

ஸ்ரீஹரிகோட்டாத் தீவே கடல் அடுக்கிய மணல் வரப்புகளால் ஆனது. அந்த வரப்புகளிலும் சிப்பி உண்டு. ஊர் மேடும் கடல் மேடும் அருகருகே இருக்கும் இடம் இது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஆய்வகத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஏரிக்கரை | 8 பிப்ரவரி, காலை 7.00

எந்த இனம் என்பதும் முக்கியம். தண்ணீரை வடிகட்டித் தின்பவை நல்லவை: மட்டி (மெரெட்ரிக்ஸ் காஸ்டா), வரி வரியாக மேடு ஓடிய அனடாரா, ஆளி (கிராசோஸ்ட்ரியா மட்ராசென்சிஸ்). சேற்றை மேயும் கூம்பு நத்தை வேண்டாம், சேற்றிலுள்ள பழைய கார்பன் உள்ளே போகும்.

ஏரிக்கரை | 8 பிப்ரவரி, இரவு 9.30

ஏரியே நம் பெரிய சிக்கல். தரவுத்தள எண் திறந்த கடலுக்கு உரியது, பழவேற்காடு ஏரி திறந்த கடல் அல்ல.

ஐப்பசி கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். ஆற்று நீரின் கார்பன் இரண்டு வகை. மண்ணில் வேர் மூச்சுவிட்டுக் கரைந்தது இளம் கார்பன், அது சிப்பியை இளமையாக்கும். சுக்கான் கல் கிடக்கும் நிலத்தின் வழியாக வந்தால் கல்லிலிருந்து கரைந்த கிழட்டுக் கார்பன், அது முதுமையாக்கும். இரண்டில் எது எவ்வளவு என்பது ஆற்றுக்கு ஆறு மாறும்.

கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடும், ஏரி வற்றும், உப்பு கடலையும் மிஞ்சும். உப்பு அதிகம், ஆகவே கடல் தண்ணீர் அதிகம் என்று கணக்குப் போட முடியாது. அது வெயில் ஏற்றிய உப்பு. தண்ணீர் முழங்காலளவு, இடுப்பளவு என்று இருப்பதால் காற்றிலிருந்தும் புதுக் கார்பன் தாராளமாக இறங்கும். இது சிப்பியை இளமையாக்கும் பக்கம். அடியில் செத்த கிளிஞ்சல் படுகை இருக்கும் இடத்தில் சேற்று நீர் அந்த ஓட்டைக் கரைத்தால் மறுபடி முதுமையின் பக்கம்.

எனவே ஏரிச் சிப்பிக்குக் கடல் டெல்டா ஆர் எண்ணைப் போடுகிறவர்கள் பிழை எல்லையை ±20 என்று வைக்கக் கூடாது. குறைந்தது ±100 என்று வைத்துக்கொண்டு, அகலமான தேதியை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. அகலம் போதாது, கூர்மை வேண்டும் என்றால் இணை மாதிரி எடுங்கள், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கார்பன்-13 எண் இங்கே துப்புக் கொடுக்கும்: 0 முதல் +2 என்றால் கடல் தண்ணீர், -3-க்குக் கீழே போனால் ஆற்று நீர் கலந்திருக்கிறது. ஆனால் கார்பன்-14-ஐ எண்ணும் ஏ.எம்.எஸ். (முடுக்கி நிறை நிறமாலை) கருவியே தரும் கார்பன்-13 எண்ணை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஓட்டின் கார்பனைக் கிராஃபைட் ஆக்கும்போதும் கருவிக்குள்ளும் ஏற்படும் விலகல் அதில் கலந்திருக்கும். வயதைச் சமப்படுத்த அதுதான் சரி, தண்ணீரைப் பற்றிப் பேச அது உதவாது. ஓட்டை அமிலத்தில் கரைத்து எடுக்கும் அதே வாயுவில் ஒரு பங்கைத் தனி நிறை நிறமாலைக் கருவியில் அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஏரிக்கரை | 9 பிப்ரவரி, இரவு 8.00

பழவேற்காட்டில் ஆண்டு தெரிந்த சிப்பி வேண்டும் என்று யோசித்தபோது கோட்டை நினைவுக்கு வந்தது. டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை 1613. சாந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு. காளவாயில் வேகாமல் தப்பிய சிப்பித் துணுக்கு சாந்துக்குள் வெள்ளையாகக் கண்ணுக்கே தெரியும். அது 1613-ஐ ஒட்டிச் செத்த சிப்பி. அதை அளந்தால் ஏரிக்கே உரிய டெல்டா ஆர் கிடைக்குமே!

ஏரிக்கரை | 10 பிப்ரவரி, காலை 6.15

நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். காளவாய்க்காரர் உயிருள்ள மட்டியைப் பிடித்துச் சுடுவதில்லை. ஏரியடியில் கிடக்கும் செத்த கிளிஞ்சலைத் தோண்டி வாரிச் சுடுவதுதான் லாபம். அந்தக் கிளிஞ்சல் 1613-க்குச் சில ஆயிரம் ஆண்டு முந்தியதாக இருக்கலாம். கோட்டையின் ஆண்டு சிப்பியின் ஆண்டு ஆகாது.

நன்றாக வெந்த சாந்து வேறு கதை. காளவாயில் பழைய கார்பன் முழுதும் வாயுவாகப் போய், பூசிய பிறகு சாந்து இறுகும்போது காற்றிலிருந்து புதுக் கார்பனைப் பிடிக்கிறது. அதனால் அதற்கு நிலத்து வளைவு. அமிலம் ஊற்றினால் இறுகிய சாந்து முதலில் பொங்கும், வேகாத சிப்பித் துணுக்கு பிந்திக் கரையும். முதலில் வரும் வாயுவை மட்டும் பிடித்து அளப்பார்கள். சுவரின் உள்ளே ஆழத்தில் சாந்து இறுகப் பல ஆண்டு ஆகும், எனவே வெளிமுகத்துக்கு அருகில் எடுக்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடத்துக்கு இதெல்லாம் தேவையில்லை, ஆவணமே இருக்கிறது. ஆவணம் இல்லாத பழைய சாந்துக்கு நினைவில் வையுங்கள்.

ஏரிக்கரை | 12 பிப்ரவரி, இரவு 10.00

ஓடு கெடாமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. மட்டி, அனடாரா, சங்கு ஓடுகள் அரகொனைட் என்ற படிகம். மண்ணில் கிடந்து கரைந்து மறுபடி படிந்தால் கால்சைட்டாக மாறும். மாறும்போது நிலத்தடி நீரின் கார்பன் உள்ளே வந்துவிடும்.

ஃபைகல் கரைசல்: 100 மில்லி வாலைநீரில் 11.8 கிராம் மாங்கனீஸ் சல்ஃபேட் (ஏழு நீர் மூலக்கூறு கொண்டது) கரைத்து, 1 கிராம் வெள்ளி சல்ஃபேட் போட்டுக் கொதிக்க வையுங்கள். ஆறியதும் வடிகட்டி, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வடிகட்டி, பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். வெள்ளி உப்பு கையில் பட்டால் கறை போகாது, கையுறை போடுங்கள். ஓட்டைக் குறுக்கே அறுத்து, தேய்த்து வழவழப்பாக்கிக் கரைசலில் வைத்தால் அரகொனைட் கருத்துவிடும், கால்சைட் வெள்ளையாகவே நிற்கும். கருப்பு வெட்டுமுகத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அந்த இடத்தை ஒதுக்குங்கள்.

ஆளிக்கு இது பலிக்காது. அது பிறவியிலேயே கால்சைட். ஆளியில் சுண்ணாம்புப் பொடிபோல் உதிரும் அடுக்கை விட்டு, கீலுக்கு அருகில் தகடு தகடாக அடர்ந்த பகுதியை எடுங்கள். அடுப்பில் வெந்த சிப்பிக்கும் பலிக்காது. 400, 500 டிகிரியில் அரகொனைட் தானாகவே கால்சைட் ஆகிவிடும். சாம்பல் நிறமாகி நகத்தால் கீறினால் உதிரும் ஓட்டை அனுப்பவே வேண்டாம்.

ஏரிக்கரை | 13 பிப்ரவரி, காலை 6.50

எடைக் கணக்கு கேட்டிருந்தார்கள். சுண்ணாம்பில் நூற்றுக்கு 12 பங்கு கார்பன். ஏ.எம்.எஸ். கருவிக்கு 1 மில்லிகிராம் கார்பன் போதும், அதாவது 8.3 மில்லிகிராம் ஓடு. மேல்தோல் போக்கவும் மறுசோதனைக்கும் சேர்த்து 100 மில்லிகிராம் ஒரே துண்டாக இருந்தால் தாராளம். பழைய முறைக்கு 30 முதல் 50 கிராம் வேண்டியிருந்தது, அதனால் பல சிப்பிகளைச் சேர்த்துப் பொடித்தார்கள். ஒரே ஒரு பழைய சிப்பி கலந்தாலும் மொத்தமும் இழுபடும். இன்று ஒரு சிப்பி, ஒரு தேதி என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேற்பரப்பைப் பல்மருத்துவர் துளைப்பானால் சுரண்டி, பிறகு அமிலத்தில் நூற்றுக்கு 30 பங்கு கரைப்பது வழக்கம். 100 மில்லிகிராம் துண்டில் 30 மில்லிகிராம் கரைய 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.6 மில்லி. அதற்கு மேல் விட்டால் நல்ல ஓடும் போகும். மிச்சத்தை வெற்றிடத்தில் 85% பாஸ்ஃபாரிக் அமிலத்தால் வாயுவாக்கி, இரும்புத்தூள் மேல் ஹைட்ரஜனோடு சேர்த்துக் கிராஃபைட் ஆக்குவார்கள். இது ஆய்வக வேலை. நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை பங்கு கரைத்தீர்கள்?

ஏரிக்கரை | 16 பிப்ரவரி, இரவு 9.45

இணை மாதிரி. 8-ஆம் தேதி சொன்ன அகலத்தைக் குறைக்க இதுதான் வழி.

ஒரே அடுப்பு, ஒரே குழி, ஒரே அடுக்கு. அதிலிருந்து ஒரு சிப்பியும் ஒரு நிலத்துப் பொருளும். நிலத்துப் பொருள் குறுகிய காலமே வளர்ந்ததாக இருக்க வேண்டும்: கருகிய நெல், பனங்கொட்டை, தேங்காய் ஓடு, சுள்ளி. பருத்த கட்டைக் கரி வேண்டாம், நடுமரத்துக்கு வெட்டும்போதே நூறு வயதிருக்கும். மீன் முள்ளும் வேண்டாம், அதுவும் தண்ணீர்க் கார்பன்தான்.

கணக்கு இப்படிப் போகும். நெல்லுக்கு 2100, சிப்பிக்கு 2450 என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லின் தேதியை நிலத்து வளைவான இன்ட்கால்20-இல் பஞ்சாங்க ஆண்டாக்கி, அதே ஆண்டுக்கு மரைன்20 என்ன வயது சொல்கிறது என்று பாருங்கள். 2580 என்று வந்தால் டெல்டா ஆர் 2450-இலிருந்து 2580-ஐக் கழித்தது, -130. தம்பி முதலில் சொன்ன 400 இதில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்கவும்.

ஒரு இணை போதாது. மூன்று இணை எடுத்து -90, -130, -210 என்றும் ஒவ்வொன்றுக்கும் ±40 என்றும் வந்தால் சராசரி -143. சராசரியின் பிழை 40-ஐ 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்து 23. ஆனால் எண்களின் சிதறல் 61. எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கை-வர்க்க (கை-ஸ்கொயர்) சோதனையில் 4.67 வரும், எல்லை 5.99, தேறிவிடும். தேறினாலும் 23-ஐ எழுத மாட்டேன், 61-ஐ எழுதுவேன். ஏரித் தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது நமக்குத் தெரியும், அந்த மாற்றம் சிதறலில்தான் தெரிகிறது.

ஏரிக்கரை | 17 பிப்ரவரி, பகல் 12.20

சங்கு வளையல் துண்டைத் தேதிக்கு அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். சங்கு (டர்பினெல்லா பைரம்) பெரும்பாலும் மன்னார் வளைகுடாவில் எடுத்தது. கொற்கையிலும் அரிக்கமேட்டிலும் அறுத்தார்கள், நம் பக்கம் வியாபாரத்தில் வந்திருக்கும். டெல்டா ஆர் சங்கு வளர்ந்த கடலுக்கு உரியது, கிடைத்த ஊருக்கு உரியதல்ல. வளையல் தாயிடமிருந்து மகளுக்குப் போவது. அறுத்த காலம், அணிந்த காலம், உடைந்து விழுந்த காலம் மூன்றும் வேறு. வளையலை விட, அறுப்புப் பட்டறையில் விழுந்த கழிவுத் துண்டு நம்பகமானது.

சூளூர்ப்பேட்டை வாசகர் | 20 பிப்ரவரி, இரவு 8.50

அண்ணா, புரிந்தது. அனுப்பும்போது சீட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

ஏரிக்கரை | 20 பிப்ரவரி, இரவு 10.10

இனத்தின் பெயர், இடது ஓடா வலது ஓடா, எந்தக் குழி எந்த அடுக்கு எத்தனை செண்டிமீட்டர் ஆழம், கூடவே எடுத்த கரி அல்லது தானியத்தின் பை எண், உட்பக்கம் சுத்தமா, ஃபைகல் சோதனை முடிவு. அனுப்பும் முன் இரண்டு பக்கமும் அளவுகோலோடு படம் எடுங்கள், திரும்பி வராது. தில்லி ஐ.யு.ஏ.சி. (பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையம்) ஆய்வகத்தில் ஏ.எம்.எஸ். வசதி இருக்கிறது, அங்கேயும் இந்த விவரங்கள் உதவும்.

முடிவை அச்சில் தரும்போது ஆய்வக எண், சமப்படுத்திய வயது, கார்பன்-13 எண்ணும் அதை எந்தக் கருவியில் அளந்தார்கள் என்பதும், வளைவின் பெயர், டெல்டா ஆர் எங்கிருந்து எடுத்தது, ஆக்ஸ்கால் அல்லது காலிப் மென்பொருளில் எந்தப் பதிப்பு, 95.4% எல்லை எல்லாவற்றையும் எழுதுங்கள். கி.மு. 100 என்று ஒற்றை ஆண்டு எழுதாதீர்கள். வளைவு நாளை மாறும், மரைன்20-க்கு அடுத்தது வரும். சமப்படுத்திய வயதும் டெல்டா ஆர் மூலமும் இருந்தால் அன்று யார் வேண்டுமானாலும் மறுகணக்குப் போடலாம்.

சிப்பியை ஈரத்தோடு பஞ்சில் சுற்றாதீர்கள். நிழலில் உலர்த்தி அலுமினியத் தாளில் மடித்து, பிறகு பிளாஸ்டிக் பை. சீட்டு இரண்டு பைக்கும் நடுவில் இருக்கட்டும், ஓட்டின் மேல் பேனாவால் எண் எழுத வேண்டாம். கரியை வேறு பையில் போடுங்கள்.